வரைகிற கைக்கும் ஒரு விலை: வெள்ளவத்தை அழைப்பிதழ்த் தொழில் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்தப் பதிவு

சிறு தொழில் செய்பவர்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. தையல், கேக், ஓவியம், நகை வடிவமைப்பு என்று கொழும்பில் வீட்டிலிருந்தே தொழில் நடத்தும் பலருடைய கணக்குக் கொப்பிகளைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்றை அதன் சொந்தக்காரியின் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். பெயர்களையும் ஆளைக் காட்டிக்கொடுக்கக் கூடிய விபரங்களையும் விட்டிருக்கிறேன். தொகைகள் அண்ணளவானவை.

இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கையால் செய்கிறவர்கள் பொருளுக்கு விலை வைப்பார்கள், தங்கள் கைக்கு வைக்கமாட்டார்கள். என்னிடம் வருகிற பெரும்பாலான கொப்பிகளில் இதுதான் நிலைமை. நல்ல காலத்தில் அது வெளியே தெரியாது. 2022இல் இந்தப் பெண்ணுக்கு அது வெளிச்சத்துக்கு வந்தது. அவர் எடுத்த முடிவுகள் எல்லாமே சரி என்று சொல்லமாட்டேன். ஆனால் ஏன் எடுத்தார் என்பதைப் படித்தால் வேறு யாருக்காவது கை கொடுக்கும் என்று நம்புகிறேன்.

பின்னணி

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடி வீடு. விளம்பர நிறுவனமொன்றில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, 2016இல் திருமண அழைப்பிதழ் செய்யத் தொடங்கினார். கூட வேலைக்கு இரண்டு பேர். கணினியில் பக்கம் அமைக்க ஓர் இளைஞர், ஒட்டிக் கட்டி உறையில் போட ஒரு பெண். மட்டையும் கடதாசியும் புறக்கோட்டை மலிபன் வீதியில் வாங்குவார். அச்சு கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில்.

அவருடைய வேலையை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது கைச் சித்திரம். சந்தையில் பிள்ளையாரும் குத்துவிளக்கும் பொன் நிறத்தில் அடித்த மட்டைகள் எத்தனையோ கிடைக்கும். இவர் முதலில் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவார். ஊர் நெடுந்தீவென்றால் ஓரத்தில் பவளக்கல் வேலியும் ஒரு குதிரையும் வரும். மலையகமென்றால் கொழுந்து வரும். ஒருமுறை மணமகளின் அம்மம்மா வாசலில் போடும் கோலத்தைக் கொப்பியிலிருந்து எடுத்து, புள்ளி பிசகாமல் மைப்பேனையால் வரைந்து உறையின் உள்பக்கத்தில் அடித்துக் கொடுத்தார். உறையைத் திறக்கிறவருக்கு மட்டும் தெரியும்.

2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு சில மாதம் கலியாணங்களே தள்ளிப்போயின. 2020 மார்ச்சில் ஊரடங்கு. இரண்டையும் சேமிப்பை வைத்துத் தாண்டினார். 2021 கடைசியில் ஓடர்கள் திரும்பின. 2022 தொடக்கத்தில் என்னிடம் வந்தபோது அவர் சொன்னது: "ஓடர் நிறைய இருக்கு. ஆனால் மாதக் கடைசியில கையில ஒண்டும் இல்லை. எங்க போகுதெண்டு தெரியேல்லை."

கொப்பியில் கண்டது

அவர் விலை சொல்வது ஒரு மட்டைக்கு இவ்வளவு என்று. ஒரு மட்டை 220 ரூபா, எல்லாம் உட்பட. 300 மட்டை என்றால் 66,000. அதில் கடதாசிக்கு 28,000, அச்சுக்கும் பொன் ஃபொயிலுக்கும் 23,000, ஒட்டிக் கட்டுகிற பெண்ணுக்கு 4,000, போக்குவரத்துக்கு 2,000. மிச்சம் 9,000. பக்கம் அமைக்கிறவருடைய மாதச் சம்பளமும் வீட்டு மின்சாரமும் அந்த மிச்சத்திலிருந்துதான் போக வேண்டும்.

அவருடைய நேரத்தை ஒரு மாதம் எழுதி வைக்கச் சொன்னேன். முதல் சந்திப்பு, சித்திரம், திருத்தம், தொலைபேசி, அச்சகத்துக்குப் போய் நிற்பது எல்லாம் சேர்த்து ஓர் ஓடருக்கு ஏறக்குறைய 35 மணித்தியாலம் போனது. சம்பளத்தைக் கழிக்காமல் பார்த்தால்கூட மணிக்கு 260 ரூபாவும் இல்லை. தன் மேசையில் ஒட்டிக் கொடுக்கிற பெண்ணுக்கு அவர் கொடுத்தது அதைவிடச் சற்றுக் கூட. அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தது நியாயமான கூலி. தனக்கென்று ஒன்றும் எழுதாததுதான் பிரச்சினை.

35 மணித்தியாலத்தில் சித்திரத்துக்குப் போனதைவிடத் திருத்தத்துக்குப் போனது கூட. மாமா ஒருவர் பெயரைச் சேர்க்கச் சொல்வார், மற்றப் பக்கத்து மாமா அதைப் பார்த்துத் தன் பட்டத்தையும் போடச் சொல்வார். எத்தனை முறையானாலும் இலவசம். அவர் அதைத் தொழில் நேர்மை என்று நினைத்தார். நேர்மைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நான் சொன்னபோது உடனே ஏற்கவில்லை.

2022 மார்ச்

விலையை மாற்றலாமா என்று நாங்கள் ஆறுதலாகப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. மார்ச் 7இல் மத்திய வங்கி ரூபாவைத் தளர்த்தியது. அதுவரை டொலருக்கு 200 அளவில் பிடித்து வைக்கப்பட்டிருந்தது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. இறக்குமதியாளர்களால் வங்கியில் எல்சி (நாணயக் கடிதம்) திறக்க முடியவில்லை. கடதாசி இல்லாமல் சில நாளிதழ்கள் அச்சுப் பதிப்பை நிறுத்தின. மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்தார்கள். மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு.

மலிபன் வீதியில் காலையில் சொன்ன விலை பின்னேரம் இல்லை. கடன் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள், காசு கையில் இருந்தால்தான் மட்டை. அவரிடம் வைகாசிக் கலியாணங்களுக்கு எடுத்த ஓடர்கள் இருந்தன. எல்லாம் தை, மாசியில் பழைய விலைக்கு ஒப்புக்கொண்டவை. வாங்கியிருந்த முற்பணம் 30 வீதம். ஏப்ரல் தொடக்கத்தில் கடதாசிச் செலவு மட்டுமே முழு ஓடரின் விலையை நெருங்கியது. அதாவது ஒவ்வொரு மட்டையையும் கைக்காசு போட்டு அடித்துக் கொடுக்க வேண்டும்.

முதல் முடிவு: சொன்ன சொல்லும் சொல்லாத விலையும்

அவருடைய முதல் எண்ணம் நகையை அடகு வைத்து எல்லாவற்றையும் பழைய விலைக்கே முடித்துக் கொடுப்பது. "கலியாண வீட்டுக்காரரிட்ட போய்க் காசு கூடக் கேக்கேலாது" என்றார். அந்த மனதை நான் மதிக்கிறேன். ஆனால் கணக்கு அதற்கு இடம் தரவில்லை. ஏப்ரல் 8இல் மத்திய வங்கி வட்டி வீதத்தை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகள் கூட்டியது. அடகோ ஓவர்டிராஃப்டோ, எதை எடுத்தாலும் அந்தக் கடன் மட்டை விற்று அடையாது. நகை மீளாது என்று எழுதியே காட்டினேன்.

மூன்று வழிகளை வைத்து ஒவ்வொரு குடும்பத்தோடும் பேசுவதென்று முடிவானது. முதலாவது, ஒப்புக்கொண்ட அதே தொகைக்கு மட்டை எண்ணிக்கையைக் குறைத்து, மிச்சப் பேருக்குக் கைத்தொலைபேசியில் அனுப்பக்கூடிய அழைப்பிதழ். இரண்டாவது, எண்ணிக்கை அதேதான், ஆனால் மெல்லிய மட்டை, ஃபொயில் இல்லை. மூன்றாவது, முற்பணம் முழுவதும் திரும்ப. வட்ஸ்அப்பில் அனுப்பாமல் நேரே தொலைபேசியில் பேச வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். நல்ல முடிவு. எழுத்தில் வாசித்தால் வியாபாரியின் கடிதமாகத் தெரிந்திருக்கும்.

பெரும்பாலானோர் முதல் வழியை எடுத்தார்கள். அதற்கு அவருடைய பேச்சுத் திறமை மட்டும் காரணமில்லை. எங்கள் வழக்கத்தில் அழைப்பிதழை வீடு வீடாகக் கொண்டுபோய், இருந்து, தேத்தண்ணி குடித்து, நேரில் சொல்லிக் கொடுக்க வேண்டும். பெற்றோல் வரிசையில் ஒரு நாள் முழுக்க நிற்கிற காலத்தில் 300 வீட்டுக்கு யார் போவது? மூத்தவர்களுக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் மட்டை, மற்றவர்களுக்குப் படம் என்பது அவர்களுக்கும் ஆறுதலாக இருந்தது. ஒரு குடும்பம் முற்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது. இன்னொரு குடும்பம் கோபப்பட்டு, ஏமாற்றிவிட்டதாக உறவுக்காரரிடம் சொன்னது. அவர்களுக்குப் பழைய விலைக்கே முடித்துக் கொடுத்தார். அந்த ஒரு நட்டத்தை அவரால் தாங்க முடிந்தது.

இரண்டாவது முடிவு: சித்திரத்துக்குத் தனி விலை

கைத்தொலைபேசி அழைப்பிதழுக்கு என்ன விலை? முதலில் அதைச் சும்மா கொடுக்கத்தான் நினைத்தார். கடதாசி இல்லை, மை இல்லை, அச்சகம் இல்லை. "வெறும் படம்தானே?"

இந்த இடத்தில் நான் பிடிவாதமாக நின்றேன். மட்டையை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது அவருடைய கைதான். குடும்பங்கள் அவரைத் தேடி வந்ததும் அந்தக் கைக்காகத்தான். மட்டை மலிபன் வீதியில் யாருக்கும் கிடைக்கும். மே மாதத்திலிருந்து விலைப் பத்திரத்தை இரண்டாகப் பிரித்தோம். மேலே வடிவமைப்புக் கட்டணம், அது வேலை தொடங்க முதல் முழுவதும் கட்ட வேண்டும். கீழே அச்சுச் செலவு, அது கடதாசி வாங்கும் நாளின் விலைப்படி, ஏழு நாளைக்கு மட்டும் செல்லுபடி. திருத்தம் இரண்டு தடவை கட்டணத்துக்குள். மூன்றாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை.

எதிர்ப்பு வந்தது. மணமகனின் பெரியப்பா ஒருவர் அந்தப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "பிள்ளை, கடதாசியே இல்லாததுக்கு என்னத்துக்குக் காசு?" இவர் வாதாடவில்லை. மேசை லாச்சியைத் திறந்து, முந்தின ஓடர் ஒன்றுக்காக வரைந்து கழித்த தாள்களை எடுத்து வைத்தார். ஒரே தாமரை, எட்டொன்பது விதமாக, இதழ் மடிப்பு ஒவ்வொன்றிலும் வேறு. அந்த மனிதர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார், கடைசித் தாள் வரை. "சரி, இது வேலைதான்" என்றார். அன்றிலிருந்து கழித்த தாள்களை அவர் எறிவதில்லை, எல்லாருக்கும் காட்டுகிறார்.

திருத்தத்துக்குக் காசு என்றதும் திருத்தங்கள் குறைந்தன. இது நாங்கள் எதிர்பார்த்ததைவிடப் பெரிய மாற்றம். முதல் மாதிரி போகமுன்பே இரு வீட்டாரும் தங்களுக்குள் பேசி முடிவெடுக்கத் தொடங்கினார்கள். ஓர் ஓடருக்குப் போன நேரம் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது.

பிழைத்த அச்சு

2022இல் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்கென்று நாட்டை விட்டுப் போனார்கள். அவருடைய பக்க வடிவமைப்பாளரும் அவர்களில் ஒருவர். இரண்டு வார முன்னறிவிப்போடு கட்டாருக்குப் போனார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆறு வருடக் கோப்புகள் அவர் ஒழுங்குபடுத்திய விதத்தில், பாமினி என்ற பழைய எழுத்துருவில் கிடந்தன. புதிதாக வந்த பிள்ளை இப்போதைய பொது முறையான யூனிகோட் தவிர வேறொன்றும் தட்டெழுதத் தெரியாதவர்.

சில வாரத்தில் விபத்து நடந்தது. வீட்டுக் கணினியில் யூனிகோட்டில் சரியாக இருந்த பக்கம், அச்சகத்தின் பழைய மென்பொருளில் திறந்தபோது கொம்புகள் இடம் மாறின. எழுத்துக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. மணமகனின் தகப்பன் பெயரில் இரண்டு கொம்பு. மின்சாரம் வருகிற இடைவெளியில் அவசரமாக ஓட்டிய வேலை, யாரும் பார்க்கவில்லை. கிடைத்தற்கரிய மட்டை 150 வீணானது.

நட்டம் யாருடையது? அச்சகக்காரர் தனக்கு வந்த கோப்பை அடித்ததாகச் சொன்னார். இவர் தன் கோப்பு சரி என்றார். இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. மட்டைச் செலவை இவரும் இயந்திரக் கூலியை அவரும் ஏற்பதென்று முடித்துக்கொண்டார்கள். பல வருடப் பழக்கம் அதனால் காப்பாற்றப்பட்டது. அந்தக் காலத்தில் ஓர் அச்சகத்தின் நல்லெண்ணம் 150 மட்டையைவிடப் பெறுமதியானது என்பது என் அபிப்பிராயம்.

அதன் பிறகு இரண்டு நடைமுறைகள் வந்தன. அச்சகத்துக்குப் போகும் கோப்பில் எல்லா எழுத்தையும் வெளிக்கோடாக மாற்றிவிடுவார்கள். அப்படி மாற்றினால் அது எழுத்தாக இல்லாமல் வரைந்த உருவமாகிவிடும், எந்தக் கணினியிலும் குலையாது. மற்றது, கடைசி மாதிரியை இரு வீட்டாரில் ஒவ்வொருவர் சத்தமாக வாசித்துக் கையெழுத்திட வேண்டும். மனதுக்குள் வாசித்தால் கண் தெரிந்ததைத் தாண்டிப் போய்விடும். முகூர்த்த நேரம், முதலெழுத்துகள், ஊர்ப் பெயர் எல்லாம் விரலை வைத்து வாசிக்க வேண்டும். பழைய கோப்பிலிருந்து எடுத்த ஒரு பக்கத்தில், வீட்டின் மூத்த மகளுக்குக் 'கனிஷ்ட புத்திரி', அதாவது இளைய மகள், என்று கிடந்தது. அப்படியே போயிருந்தால், கலியாணமாகாத அக்கா ஒருத்தி வீட்டில் இருக்கிறாளா என்று சபை முழுக்கக் கேட்டிருக்கும். சத்தமாக வாசித்த சித்திதான் அந்த இடத்தில் நின்றார்.

வளர்ச்சியும் ஒரு கடையும்

2023இல் கலியாணங்கள் பெருகின. தள்ளிப்போட்டவர்கள் எல்லாரும் ஒன்றாக வந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே கலியாணம் செய்கிறவர்களும் வந்தார்கள். ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகள் சித்திரத்தை மட்டும் இவரிடம் வாங்கி அங்கேயே அடித்துக்கொண்டார்கள். விலைப் பத்திரத்தைப் பிரிக்காமல் இருந்திருந்தால் இந்த வேலைக்கு வாசலே இருந்திருக்காது.

அந்த உற்சாகத்தில் வருடக் கடைசியில் காலி வீதியில் ஒரு சின்னக் கடையை வாடகைக்கு எடுத்தார். கணக்கின்படி எனக்கு அது சரியாகப் படவில்லை, சொன்னேன். ஆனால் சாப்பாட்டு மேசையில் தொழில் செய்து களைத்த ஒருவருக்குத் தன் பெயர்ப் பலகை தொங்க வேண்டும் என்ற ஆசை இருப்பதை நான் சிறிதாக நினைக்கவில்லை.

கடைக்கு ஆட்கள் வந்தார்கள். விலை கேட்டார்கள், கைத்தொலைபேசியில் படம் எடுத்தார்கள், போனார்கள். உறுதியான ஓடர்கள் முன்போலவே ஒருவர் சொல்லி ஒருவராகத்தான் வந்தன. 2024 ஜனவரியில் வற் (பெறுமதி சேர் வரி) 18 வீதமானது. அவர் வற்றுக்குப் பதிவு செய்யுமளவு பெரிய தொழில் இல்லை, ஆனாலும் கடதாசியிலும் மையிலும் அது ஏறி வந்தது. ஆடியும் மார்கழியும் கலியாணம் இல்லாத மாதங்கள், வாடகைக்கு அப்படி மாதம் இல்லை. காட்சிக்கு வைத்திருந்த சித்திரம் ஒன்று வேறொருவரின் மட்டையில் வந்ததையும் கண்டார். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி சித்திரத்துக்குப் பதிவு இல்லாமலே பாதுகாப்பு உண்டு. வரைந்த மூலத்தாளும் திகதியும் அவரிடம் இருந்தன. வழக்குக்குப் போகவில்லை. அவற்றைக் காட்டிப் பேசியதில் மற்றவர் அந்த மட்டையை விற்பதை நிறுத்தினார்.

ஒரு வருட ஒப்பந்தம் முடிந்ததும் கடையைப் புதுப்பிக்கவில்லை. வீட்டின் முன்னறையைச் சந்திப்புக்கென்று ஒதுக்கி, நேரம் குறித்து வருகிறவர்களை மட்டும் பார்க்கிறார். கடையால் போன காசு, அதற்கு முந்தின வருட இலாபத்தில் பெரும்பங்கு.

இப்போதைய நிலை

2025 கணக்கின்படி வருமானத்தில் பாதிக்கு மேல் வடிவமைப்புக் கட்டணம். அச்சு வேலையின் அளவு 2021ஐவிடக் குறைவு, கையில் மிஞ்சுவது கூட. அவருக்கென்று ஒரு மாதச் சம்பளத்தைத் தொழிலிலிருந்து எடுக்கிறார். அதைக் கொப்பியில் செலவாகவே எழுதுகிறோம். ஆறு மாதச் செலவுக்கான காசு தனிக் கணக்கில் இருக்கிறது.

இழப்பும் உண்டு. கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பக்கத்திலிருந்து சிறிய ஓடர்களுக்கு வந்த குடும்பங்கள் வடிவமைப்புக் கட்டணம் வந்த பிறகு நின்றுவிட்டன. அந்த வேலைகள் அவருக்குப் பிடித்தமானவை. எனக்கும் அது மனதை உறுத்துகிறது.

மாற்ற நினைப்பவை

அந்தக் குடும்பங்களுக்காகக் கடந்த மார்கழியில் சில நிரந்தரச் சித்திரங்களை வரைந்து வைத்திருக்கிறார். பெயரும் நாளும் மட்டும் மாறும், ஒரே விலை, திருத்தம் ஒரு தடவை. தை மாத ஓடர்களில் அது எப்படிப் போகிறது என்று பார்த்துத்தான் மற்றச் சித்திரங்களைச் சேர்ப்பார்.

முற்பண ஒழுங்கை நெருக்கடி வரமுன்பே போட்டிருக்க வேண்டும் என்கிறார். நான் அதை ஒத்துக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. அந்த மார்ச் இல்லாமல் குடும்பங்கள் அதை ஏற்றிருக்குமா என்பது சந்தேகம். ஒழுங்கு சரியாக இருந்தாலும், அதைக் கேட்கும் மனநிலை எதிரில் இருப்பவருக்கு வர வேண்டும். கடையைப் பற்றிக் கேட்டால், ஒரு வருடத்துக்குப் பதில் தை, வைகாசி, ஆவணி மாதங்களுக்கு மட்டும் ஓர் இடத்தைப் பங்குக்கு எடுத்துப் பார்த்திருக்கலாம் என்பது எங்கள் இருவரின் எண்ணம்.

கோப்புகள் எல்லாம் இப்போது யூனிகோட்டுக்கு மாறிவிட்டன. பாமினியில் இருந்த பழைய பக்கங்களை மட்டும் ஒவ்வொன்றாக வாசித்துச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. அந்த வேலை இன்னும் முடியவில்லை.

மிச்சம் இருப்பது ஒட்டிக் கட்டுகிற பெண்ணைப் பற்றிய முடிவு. இந்த நான்கு வருடமும் கூடவே நின்றவர். பார்த்துப் பார்த்தே கோல ஓரங்களை வரையப் பழகிவிட்டார், சில ஓடர்களில் ஓரம் முழுக்க அவருடையது. அவருக்கு இன்னும் மட்டைக் கணக்கில்தான் கூலி. அவர் வரைகிற பகுதிக்கு வடிவமைப்புக் கட்டணத்தில் எத்தனை வீதம் என்று அடுத்த நிதியாண்டுக்கு முன் எழுத்தில் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். தொழிலின் சொந்தக்காரியும் சம்மதம் என்றார். வீதம் எவ்வளவு என்பதில்தான் பேச்சு நடக்கிறது.